இல்லத்திற்கு ஏற்ற அச்சுப்பொறி

1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் அச்சேறியது. அத்தனை பக்கங்களை இன்று வீட்டு மேசைமேல் உள்ள பிரிண்டர் சில நிமிடங்களில் தந்துவிடும். கொடைமலை அடிவாரமாகிய வத்தலக்குண்டிலும், பிள்ளைகளின் பள்ளிப் பணிக்கென அதனை வாங்க விழையும் பெற்றோர் நம்மிடம் யோசனை கேட்கின்றனர். பெரும்பாலோர் விலை குறைந்ததையே நாடுகின்றனர். நாம் அதற்கு உடன்படுவதில்லை.

பொறி மலிவு, மையோ மலிவன்று. சிறு மைப்பெட்டிகளைச் சில தடவை மாற்றினாலே பொறியின் விலையை எட்டிவிடும். அதனினும் பெருந்தொல்லை ஒன்றுண்டு. திரவ மையைத் தெளிக்கும் பொறி வாரக்கணக்கில் ஓய்ந்திருப்பின், அதன் நுண்துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அவ்வடைப்பை நீக்கவும் மையே செலவாகும். அச்சிடாமலே மை தீர்ந்ததென்று கோடை விடுமுறை கழிந்தபின் வருந்துவோர் உளர்.

லேசர் பொறியில் இருப்பது உலர்தூள். அது வெப்பத்தால் உருகித் தாளில் ஒட்டுகிறது. மாதக்கணக்கில் கிடப்பினும் அடைப்பதில்லை. எப்போதேனும் அச்சிடும் இல்லத்திற்குக் கறுப்பு லேசரே தக்கது என்போம். ஆயின் வீட்டு இன்வெர்ட்டரில் அதனை இணைத்தல் ஆகாது; சூடேறுங்கால் மின்சாரத்தை மிகுதியாக இழுக்கும். அன்றாடம் வண்ணப் படங்கள் வேண்டுவோர் மைத்தொட்டி உடையதை வாங்கலாம்.

மாதம் பத்துத் தாள்களே வேண்டுமெனில், கடைத்தெருவின் ஜெராக்ஸ் கடையே போதும். அதற்காகத் தவணைக்கடன் எதற்கு?