'கொஞ்சம் அவசரம்' என்றால் போதாது

கோவையிலிருந்து பெரியம்மா வந்த விமானம் சென்னைக்கு மேலே முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டுத்தான் இறங்கியதாம். ஐப்பசி மழை. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டி, டீயைக் கையில் வாங்கியதும் கேட்டார்: "ஏங் கண்ணு, மேல ஓட்டறவருக்கும் கீழ இருக்கறவங்களுக்கும் அப்படி என்னதான் பேச்சு ஓடும்?"

நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

மழையும் காற்றும் வலுத்தால், இறங்கும் விமானங்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவார்கள். பின்னால் வருகிறவை காத்திருக்க வேண்டும். பேருந்தைப் போல ஓரமாக நிறுத்தி வைக்க முடியாது என்பதால் ஆகாயத்திலேயே நீள்வட்டமாகச் சுற்ற விடுவார்கள். மேசையில் இருந்த காலி டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினேன். "இது ஒரு விமானம். இதுக்கு ஆயிரம் அடி மேல இன்னொண்ணு. அதுக்கும் மேல இன்னொண்ணு. அடியில இருக்கறதை இறக்கினா மத்ததெல்லாம் ஒரு படி கீழ வரும்." இதற்கு ஹோல்டிங் என்று பெயர்.

அடுக்கில் நிற்கும் எல்லோருக்கும் பேச ஒரே அலைவரிசை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் பட்டனை அழுத்திவிட்டால், இரண்டு பேச்சும் கெட்டுக் கீச்சென்ற ஒலிதான் மிஞ்சும். அதனால்தான் பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்வார்கள். கீழேயிருந்து வழிநடத்தும் கன்ட்ரோலர் ஓர் உயரத்தைச் சொன்னால், பைலட் அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரிதானா என்று கன்ட்ரோலர் கவனித்துக் கேட்க வேண்டும். விமானத்தின் மூக்கில் இருக்கும் ரேடார், எதிரே நிற்கும் இடிமேகத்தைப் பைலட்டுக்குக் காட்டும். அக்கம்பக்கத்து விமானங்கள் கன்ட்ரோலரின் திரையில் தெரியும். "மேகம் இருக்கு, இடப்பக்கம் பத்து டிகிரி விலகணும்" என்று பைலட் கேட்க, அந்தப் பக்கம் யாரும் வரவில்லை என்று பார்த்து கன்ட்ரோலர் சரி சொல்வார். ஆளுக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி பேச்சில்தான் வர வேண்டும்.

"பேச்சுல பிசகு வந்தா?" என்றார் பெரியம்மா.

வந்திருக்கிறது. 1990 ஜனவரி 25 இரவு. கொலம்பியாவின் ஏவியான்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம், போயிங் 707. பொகோட்டாவில் கிளம்பி, மெடலினில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு 158 பேருடன் வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு முழுக்க மூடுபனியும் காற்றும். வழியில் மூன்று இடங்களில் சுற்ற விட்டார்கள். மொத்தம் 77 நிமிடம்.

கேப்டனுக்கு ஆங்கிலம் போதாது. ரேடியோவில் பேசியதெல்லாம் துணை பைலட்தான். மூன்றாவது இடத்தில் சுற்றும்போது அவர் முன்னுரிமை வேண்டும் என்று கேட்டார். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கன்ட்ரோலர் கேட்க, ஐந்து நிமிடம் என்றார். மாற்று விமான நிலையம் எது என்ற கேள்விக்கு, பாஸ்டன், ஆனால் அங்கே போக இனி எரிபொருள் இல்லை என்றார். அடுத்த கட்டுப்பாட்டு அறைக்குத் தகவலைக் கடத்திய ஊழியர் காதில் 'ஐந்து நிமிடம்' விழுந்தது, பாஸ்டன் பேச்சு விழவில்லை. எனவே அடுத்த அறைக்கு இது சற்றே நெருக்கடியில் இருக்கும் இன்னொரு விமானம், அவ்வளவுதான். ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லும்போது செய்தி பொய்யாகவில்லை, கனம்தான் குறைந்துபோயிற்று. எனக்கு இந்த இடம்தான் மனசை விட்டுப் போகவில்லை.

முதல் முறை இறங்கப் பார்த்தபோது, காற்று திடீரென்று மாறி அடித்து விமானத்தைத் தாழ அழுத்தியது. ஓடுபாதை கண்ணுக்குப் படவில்லை. மேலே ஏற வேண்டியதாயிற்று. "நாம் அவசரநிலையில் இருக்கிறோம் என்று சொல்" என்று கேப்டன் ஸ்பானிஷில் சொன்னார். துணை பைலட் திசையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, மீண்டும் முயல்வதாகவும் எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாகவும் வாக்கியத்தின் வாலில் சேர்த்தார். சொல்லிவிட்டாயா என்று கேப்டன் கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்றார். அவர் மனசறியச் சொன்னது உண்மை. ஆனால் அன்றிரவு அங்கே சுற்றிய எல்லா விமானத்திலும்தான் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. 'எமர்ஜென்சி' என்ற சொல் மட்டும் கீழே போய்ச் சேரவேயில்லை.

பதினைந்து மைல் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்கள் எரிபொருளுக்குச் சரிப்படுமா என்று கன்ட்ரோலரே கேட்டார். சரிப்படும் என்றுதான் நினைக்கிறேன், மிக்க நன்றி என்று பதில் போனது.

சில நிமிடங்களில் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரின் சரிவில் விமானம் விழுந்தது. தீப்பிடிக்கவில்லை, பிடிக்க எரிபொருள் இல்லை. 73 பேர் இறந்தார்கள்.

நாமும் அப்படித்தானே பேசுகிறோம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு "சார், கொஞ்சம் அவசரம்" என்போம். அந்தக் 'கொஞ்சத்'துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று நர்ஸ் எப்படிக் கண்டுபிடிப்பார்? "மூச்சு நிற்கப் போகுது" என்றால்தான் ஸ்ட்ரெச்சர் ஓடி வரும். வானத்திலும் அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால்தான் மற்ற விமானங்களை விலக்கி நேர்வழி தருவார்கள், தீயணைப்பு வண்டிகளைக் கிளப்புவார்கள். துணை பைலட்டை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும், விமானிகள் எரிபொருளைக் கணக்காக வைத்துக்கொள்ளாததையும் நிலைமையை எடுத்துச் சொல்லாததையும் முதற்காரணமாகச் சொன்னதோடு, எரிபொருள் நெருக்கடியைச் சொல்ல எல்லோருக்கும் பொதுவான, தெளிவான சொற்கள் இல்லாததையும் சேர்த்தே சொன்னது.

"இப்ப அந்தச் சொல் இருக்கா?"

இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் 2012 நவம்பர் முதல் இரண்டு படி. இனிமேல் தாமதம் கூடினால், கடைசிக்கென்று ஒதுக்கி வைத்த எரிபொருள் கையிருப்பைத் தொட வேண்டிவரும் என்றால் 'மினிமம் ஃப்யூயல்'. கையிருப்பையே தொடாமல் இறங்க முடியாது என்றால் 'மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்'. எனக்கு உதவுங்கள் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து வந்ததுதான் மேடே. மூன்று முறை சொல்வது, இரைச்சலில் ஒரு தடவையாவது காதில் விழட்டும் என்று.

பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. "அந்தத் தம்பி கடைசியா என்னதான் சொன்னாப்ல?"

இரண்டு எஞ்சின் அணைந்த பிறகும் அவர் கேட்டது அதையேதான்: இரண்டு எஞ்சின் போய்விட்டது, முன்னுரிமை வேண்டும், தயவுசெய்து.