தொலைக்காட்சித் தணிக்கையும் பெற்றோரின் பொறுப்பும்

இல்லத்திற்குள் வந்து சேரும் தொலைக்காட்சியின் ஒழுக்கக்கேட்டை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் வினாவிற்குத் திருச்சபைகளில் இரு விடைகள் வழங்கிவருகின்றன. தீயவற்றைத் தடை செய்யுமாறு அரசையும் ஒளிபரப்பு நிலையங்களையும் வற்புறுத்தவேண்டும் என்பர் ஒரு சாரார். பார்ப்பதும் பாராதிருப்பதும் அவரவர் விருப்பம். பிள்ளைகளைக் காப்பது பெற்றோர் கடன். இதில் பிறர்க்கு இடமில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளும் மிக வெளிப்படையாக மோதிய நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அம்மோதலில் முன்னின்றோருள் போதகர்கள் சிலர் இருந்தமையால், அந்நாட்டின் அனுபவம் போதகப் பணியில் இருப்போர்க்கும் அதற்கு ஆயத்தப்படுவோர்க்கும் படிப்பினை தருவதாகும். தணிக்கை இயக்கமும் பெற்றோர் பொறுப்பும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதையும், முன்னது எளிதாகத் தோன்றுவதாலேயே பின்னதைத் திருச்சபை மறந்துவிடும் இடர் உண்டு என்பதையும் இக்கட்டுரையில் காட்ட முயல்வோம்.

1. சட்டத்தின் நிலை

அமெரிக்காவில் ஒளிபரப்புக்கு அடிப்படையாக அமைந்தது 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம். வானலைகள் பொதுமக்களுக்குரியவை, அவற்றைப் பயன்படுத்துவோர் பொதுநலனுக்காகப் பணியாற்றும் நிபந்தனையோடு உரிமம் பெறுகின்றனர் என்பது அதன் கருத்து. ஆயினும் உரிமம் வழங்கும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் நிகழ்ச்சிகளைத் தணிக்கை செய்யலாகாது என்றும் அதே சட்டம் விதிக்கிறது. மறுபுறம், ஆபாசமும் அநாகரிகமுமான சொற்களை வானலையில் வழங்குவது குற்றம் என்று மற்றொரு சட்டம் கூறுகிறது. இவ்விரு விதிகளுக்கும் இடையில் உள்ள இழுபறியே பின்வந்த வழக்குகள் பலவற்றிற்கும் காரணமாயிற்று.

1973ஆம் ஆண்டு நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று, ஜார்ஜ் கார்லின் என்னும் நகைச்சுவைக் கலைஞரின் உரையைப் பிற்பகல் வேளையில் ஒலிபரப்பியது. மகனோடு அதைக் கேட்க நேர்ந்த தந்தை ஒருவர் ஆணையத்திடம் முறையிட்டார். 1978இல் உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் அளவில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒலிபரப்பு அழையாமலே வீட்டிற்குள் வருகிறது. எழுதப் படிக்க அறியாத சிறு பிள்ளையும் அதைக் கேட்கக்கூடும். இவையே அத்தீர்ப்பின் காரணங்கள். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தைப் பாதுகாக்கும் விதிமுறை இதன் வழியாக உறுதிபெற்றது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கட்டுப்பாடு தளர்ந்திருக்கும்.

2. மிசிசிப்பியில் மூன்று நிகழ்ச்சிகள்

தென்பகுதி மாநிலமாகிய மிசிசிப்பியில் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துக் காண்பது நம் பொருளைத் தெளிவாக்கும்.

முதலாவது, ஜாக்சன் நகரத்தின் டபிள்யூ.எல்.பி.டி. என்னும் நிலையத்தைப் பற்றியது. அந்நகரப் பகுதியின் மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் கறுப்பின மக்கள். ஆயினும் அவர்களுடைய குடியுரிமைப் போராட்டத்தைப் பற்றிய செய்திகளை நிலையத்தார் மறைத்தும் திரித்தும் வந்தனர். ஐக்கிய கிறிஸ்து சபையின் தகவல் தொடர்புத் துறைத் தலைவராகிய போதகர் எவரெட் பார்க்கர், 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு ஒரு வாரம் முழுவதும் அந்நிலையத்தின் ஒளிபரப்பைக் கவனித்துப் பதிவு செய்வித்தார். அச்சான்றுகளோடு உரிமத்தைப் புதுப்பிக்கலாகாது என மனுச் செய்தார். பார்வையாளருக்கு இத்தகைய மனுச் செய்யும் உரிமை இல்லை என்றது ஆணையம். 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்து, பார்வையாளரும் வழக்கில் ஒரு தரப்பினரே என்று தீர்ப்புக் கூறியது. 1969இல் நிலையத்தாரின் உரிமப் புதுப்பிப்பும் செல்லாதாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி 1970ஆம் ஆண்டினது. சிறுவர்க்கான 'செசமி தெரு' என்னும் கல்வித் தொடர் அதற்கு முந்தைய ஆண்டில்தான் தொடங்கப்பெற்றிருந்தது. கறுப்பின மக்களும் வெள்ளையரும் ஒரே தெருவில் கூடி வாழ்வதாக அதில் காட்டப்பட்டது. மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சிக் குழு இத்தொடரை ஒளிபரப்புவதில்லை என முடிவு செய்தது. மாநிலம் அதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். செய்தி நாளிதழில் வெளியாகிக் கண்டனம் எழவே, மூன்று வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அம்முடிவு கைவிடப்பட்டது.

மூன்றாவது, 1976ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது. சவுத்தேவன் என்னும் ஊரில் ஐக்கிய மெதடிஸ்து திருச்சபையின் போதகராக இருந்த டொனால்டு வைல்டுமன் தம் பிள்ளைகளோடு தொலைக்காட்சி பார்க்க அமர்ந்தார். ஒரு நிலையத்தில் விபசாரம், மற்றொன்றில் இழிசொல், வேறொன்றில் வன்முறை எனக் கண்டு, பெட்டியை அணைத்துவிடச் சொன்னதாக அவரே கூறியுள்ளார். பின்னர்த் தம் சபையார் ஒரு வாரம் தொலைக்காட்சியை அணைத்து வைக்குமாறு கேட்டுக்கொண்டார். 1977இல் நற்பண்புக்கான தேசியக் கூட்டமைப்பு என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். 1988இல் அது அமெரிக்கக் குடும்பச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இவற்றை ஒப்பிடும்போது ஓர் உண்மை புலனாகிறது. 1970இல் தடை செய்தவர்களும் சிறுவர் நிகழ்ச்சியைத் தம் மக்களின் நலன் கருதியே நிறுத்துவதாக எண்ணியிருத்தல் கூடும். தடை செய்யும் அதிகாரம் யார் கையில் உள்ளதோ, அவர்தம் அச்சங்களும் தப்பெண்ணங்களும் அத்தடையோடு கூடவே செல்லும். பார்க்கரின் வழியோ வேறு. மறைக்கப்பட்டவர்களின் குரலும் கேட்கப்படவேண்டும் என்றே அவர் வழக்காடினார். நிகழ்ச்சியைக் குறைக்குமாறு கேட்பதும் நீதியைக் கூட்டுமாறு கேட்பதும் ஒன்றல்ல.

3. அணைப்பதிலிருந்து தடுப்பதற்கு

வைல்டுமனின் முதற் செயலில் நாம் குறை காண்பதற்கில்லை. தம் இல்லத்தின் பெட்டியைத் தாமே அணைத்தார். தம் சபையாரையும் அவ்வாறே செய்ய அழைத்தார். இஃது உண்ணாநோன்பைப் போன்ற ஓர் ஒழுக்கப் பயிற்சி. ஆனால் இயக்கம் அங்கே நிற்கவில்லை. 1981இல் அவரும் பாப்திஸ்து போதகராகிய ஜெரி பால்வெல்லும் வேறு பலரும் இணைந்து நல்ல தொலைக்காட்சிக்கான கூட்டணியை அமைத்தனர். நிகழ்ச்சிகளைக் கணக்கெடுத்து, அவற்றிற்கு விளம்பரம் தரும் நிறுவனங்களின் பொருள்களைப் புறக்கணிக்கப்போவதாக அறிவித்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சோப்பு முதலிய வீட்டுப் பொருள்களை விற்கும் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் தலைவர், தம் நிறுவனம் 50 நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் தர மறுத்துவிட்டதாகக் கூறினார்.

ஒரு பொருளை வாங்க மறுப்பது குடிமக்களின் உரிமையே. அதைத் தணிக்கை எனல் முற்றிலும் பொருந்தாது. ஆயினும் நோக்கத்தில் மாற்றம் நேர்ந்தது என்பதை மறுக்க இயலாது. என் வீட்டில் இதைப் பாரேன் என்பது முதல் நிலை. என் அயலானும் பாராதிருக்குமாறு அவனை இணங்கச் செய்வேன் என்பது இரண்டாம் நிலை. அவன் விரும்பினாலும் பார்க்க இயலாதபடி செய்வேன் என்பது மூன்றாம் நிலை. முதலாவது துறவு, இரண்டாவது சாட்சி, மூன்றாவது ஆளுகை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது, அவ்வாறு செல்கிறோம் என்பதைப் பெரும்பாலும் நாம் உணர்வதில்லை.

இத்தகைய இயக்கங்களுக்கு இயல்பான இரு குறைகளும் உண்டு. முதலாவது, காணாமலே கண்டித்தல். 1977இல் ஏ.பி.சி. நிறுவனத்தின் 'சோப்' என்னும் நகைச்சுவைத் தொடர் தொடங்குமுன்னரே ஆயிரக்கணக்கான கண்டனக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களுள் மிகப் பலர் ஒரு காட்சியையும் பார்த்தவரல்லர். இரண்டாவது, சிலரின் குரல் பலரின் குரலாகத் தோன்றுதல். 2003இல் ஆணையத்திற்கு வந்த அநாகரிக முறையீடுகளில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்டவை ஒரே அமைப்பின் ஏற்பாட்டால் வந்தவை என ஆணையமே மதிப்பிட்டது. பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளை நற்செயலுக்கான மனுவையும் கட்டுப்படுத்தும் என்பதை நாம் மறத்தலாகாது.

அரசின் தண்டனையும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 2004ஆம் ஆண்டு கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி ஒருவரின் மார்பு நொடிப்பொழுது வெளிப்பட்டது. இதன் பொருட்டு சி.பி.எஸ். நிறுவனத்திற்கு 5,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இலும் மீண்டும் 2011இலும் அவ்வபராதத்தைத் தள்ளிவிட்டது. வழக்கு நடந்த ஏழாண்டுகளில் அன்று அதைக் கண்ட சிறுவர் இளைஞராகிவிட்டனர். அவர்களோடு அதைப்பற்றிப் பேசியிருக்கவேண்டியவர் நீதிபதிகள் அல்லர்.

4. பெற்றோர் பொறுப்பு: விடையும் அதன் குறையும்

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் பெற்றோரிடம் விட்டுவிடலாமா? 1996ஆம் ஆண்டின் சட்டம், பெற்றோர் விரும்பாத தரத்து நிகழ்ச்சிகளைத் தடுக்கும் 'வி-சிப்' என்னும் சிறு கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பொருத்துமாறு கட்டளையிட்டது. 1997 முதல் நிகழ்ச்சிகளுக்கு வயதுக்கேற்ற தரக்குறியீடுகள் இடப்பட்டன. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள புதிய பெட்டிகள் யாவும் இக்கருவியைக் கொண்டிருந்தன. ஆனால் கைசர் குடும்ப அறக்கட்டளையின் ஆய்வுப்படி, 2001இல் அதைப் பயன்படுத்திய பெற்றோர் நூற்றுக்கு 7 பேர். 2004இல் 15 பேர். தம் பெட்டியில் அக்கருவி இருப்பதையே அறியாதவர் பலர்.

2000ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் முன் வந்த பிளேபாய் வழக்கும் இதே சிக்கலைக் காட்டுகிறது. கம்பிவழித் தொலைக்காட்சியின் பாலியல் நிகழ்ச்சிகளை இரவு 10 மணிக்கு முன் காட்டலாகாது என்னும் விதியை நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் அளவில் தள்ளுபடி செய்தது. வேண்டாத இல்லத்தார் கேட்டால் அந்நிலையத்தை அவ்வில்லத்திற்கு மட்டும் அடைத்துவிடலாம். ஆதலால் அனைவருக்கும் தடை தேவையில்லை என்பது பெரும்பான்மையினரின் கருத்து. அவ்வாறு கேட்டவர்களோ நூற்றுக்கு அரைப் பங்கினும் குறைவு. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரேயர், வாரந்தோறும் குறைந்தது 50 இலட்சம் பிள்ளைகள் மேற்பார்வையின்றி வீட்டில் தனித்திருப்பதைச் சுட்டினார். பெற்றோர் பொறுப்பு என்னும் சொல், பெற்றோர் வீட்டில் இருக்கின்றனர் என்று கருதிக்கொள்கிறது. கூலி வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் தாய்க்கு அச்சொல் உதவியாக இராமல், குற்றச்சாட்டாக முடியலாம். விற்பனையாளரும் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அச்சொல்லையே கேடயமாகக் கொள்வர்.

5. இறையியல் நோக்கு

உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் இறைவனின் கட்டளைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கடமை பெற்றோரிடம் ஒப்படைக்கப்படுகிறது. வீட்டில் இருக்கையிலும் வழியில் நடக்கையிலும் ஓயாமல் பேசுவதே அதன் முறை. இது காவல் மட்டுமன்று; உரையாடல். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் மனிதனைத் தீட்டுப்படுத்துவது உள்ளிருந்து புறப்படுவதே என ஆண்டவர் போதிக்கிறார். எனவே காட்சியை நீக்கிவிட்டால் தீமை நீங்கிவிடும் என எண்ணுதல் மனிதனின் பாவநிலையைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

கொரிந்துவின் சபையார்க்குப் பவுல் எழுதியதும் இங்குக் கருதத்தக்கது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிய வழக்கில், அங்காடியை மூடுமாறு நகர அதிகாரிகளிடம் மனுச் செய்ய அவர் சொல்லவில்லை. பலமுள்ளோர் பலவீனரின் மனச்சாட்சிக்காகத் தம் உரிமையைத் தாமே விட்டுக்கொடுக்கவேண்டும் என்றார். இப்போதனை இருபுறமும் வெட்டும். பிறர் மனச்சாட்சியை ஆளுவதற்கு இதில் இடமில்லை. என் விருப்பம், என் உரிமை என்று கூறி ஒதுங்குவதற்கும் இடமில்லை.

சீர்திருத்த மரபும் இதையே வலியுறுத்துகிறது. நூல்களை அச்சிடுமுன் உரிமம் பெறவேண்டும் என்று இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1643இல் கட்டளையிட்டபோது, பியூரித்தானிய மரபில் நின்ற மில்டன் அடுத்த ஆண்டே அதை எதிர்த்து எழுதினார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், சக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்டு மக்களின் அறியாமையைக் கண்டு வருந்திய லூத்தர், 1529இல் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டார். வீட்டுத் தலைவர் தம் வீட்டார்க்கு எளிதாகக் கற்பிக்கும் வண்ணம் அதை அமைத்தார். பெற்றோரைக் கடிந்ததோடு நில்லாமல், அவர்கள் கையில் ஒரு கருவியையும் கொடுத்தார் என்பதே நாம் பின்பற்றத்தக்கது.

6. போதகப் பணிக்குரிய முடிவுகள்

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை நாம் பெறலாம். தணிக்கை கோரும் மனு சபைக்கு வருமாயின், போதகர் மூன்று வினாக்களை எழுப்பவேண்டும். மனுச் செய்வோர் அந்நிகழ்ச்சியைக் கண்டிருக்கின்றனரா? அதில் கூறப்படுவது உண்மையா? கோரப்படுவது எளியோரின் பாதுகாப்பா, அல்லது மாறுபட்ட கருத்தினரின் வாயை அடைப்பதா? பிள்ளைகளை இழிதொழிலுக்குப் பயன்படுத்தி எடுக்கப்படும் காட்சிகளைச் சட்டம் தடுத்தே ஆகவேண்டும். அங்கே பார்வையாளர் விருப்பம் என்னும் பேச்சுக்கே இடமில்லை. ஏனையவற்றில் திருச்சபை மிகுந்த நிதானத்தோடு நடத்தல் வேண்டும்.

மனுவில் கையெழுத்திடச் சில நொடிகள் போதும். பிள்ளையோடு அமர்ந்து பார்த்து, கண்டதைப்பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுது வேண்டும். அம்மாலைப்பொழுதைப் பெற்றோர்க்குக் கிடைக்கச் செய்வது சபையின் பணி. பெட்டியிலும் கைபேசியிலும் உள்ள தடுப்பு முறைகளைப் பெண்கள் ஐக்கியத்திலும் ஆண்கள் ஐக்கியத்திலும் கற்றுக்கொடுக்கலாம். பள்ளி முடிந்து தனித்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆலய வளாகத்தில் படிக்கவும் விளையாடவும் இடம் தரலாம். நல்ல நிகழ்ச்சி ஒன்றைப் பாராட்டி நிலையத்தார்க்கு எழுதலாம்.

இன்று காட்சிகள் கையடக்கக் கருவிகளில் வந்து சேருகின்றன. அவற்றிற்கு ஒளிபரப்பு உரிமமும் இல்லை, இரவு 10 மணி என்னும் எல்லையும் இல்லை. ஒரு நிலையத்தாரை வற்புறுத்தித் திரையைத் தூய்மையாக்கலாம் என்னும் நம்பிக்கைக்கு முன்னிருந்த இடமும் இப்போது குறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது பிள்ளையின் உள்ளத்தில் உருவாகும் பகுத்துணர்வே. குழந்தைத் திருமுழுக்கின்போது பெற்றோர் மட்டும் வாக்குறுதி அளிப்பதில்லை. ஞானப்பெற்றோரும் அதில் பங்கேற்கின்றனர். கூடியிருக்கும் சபையும் சாட்சியாக நிற்கிறது. அவ்வாக்குறுதியை வாரநாட்களில் நிறைவேற்றும் வழிவகைகளை ஆராய்ந்து அமைப்பதே இக்காலத்துப் போதகப் பணியின் முதன்மையான கடமைகளுள் ஒன்று என்பது நம் துணிபு.