பெரியப்பாவோட பென்ஷன் நோட்டு: ஒரு ராணுவ வீரர், மூணு ஏக்கர் நிலம், ஒன்பது மாசக் காத்திருப்பு

வழக்கமா நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரின்னு தான் பேசுவோம். போன பென்ஷன் வீடியோவுக்குக் கீழ, "எங்க அப்பாவும் மிலிட்டரி தான் சார், அம்மா பேரு ரெக்கார்டுல வேற மாதிரி இருக்கு, பரவாயில்லையா?"ன்னு பல பேர் கேட்டிருந்தீங்க. பரவாயில்லைன்னு விட்டா என்ன ஆகும்னு எங்க வீட்டுலயே பார்த்தவன் நான். அதனால இந்தக் கட்டுரை என் பெரியப்பாவைப் பத்தி.

தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். 1967-ல பெரியப்பா பட்டாளத்துல சேர்ந்தப்போ வயசு 19. குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர்ல பயிற்சி. அப்புறம் 16-வது பட்டாலியன்.

1971 டிசம்பர் பாகிஸ்தான் போர்ல ஷகர்கர் பகுதியில பசந்தர் ஆத்தைக் கடந்தது இந்த பட்டாலியன். அருண் கேத்தர்பால், ஹோஷியார் சிங் ரெண்டு பேருக்கும் பரம்வீர் சக்ரா கிடைச்ச அதே சண்டை. 16 மெட்ராஸோட கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் அங்கேயே உயிரை விட்டார், இறந்த பிறகு மகாவீர் சக்ரா குடுத்தாங்க. பெரியப்பா அதைப் பத்திப் பெருசா பேச மாட்டார். கேட்டா, "கண்ணிவெடி பொதைச்ச நெலம் சாமி, முன்னாடி போனவன் கால் வெச்ச எடத்துல தான் நாம கால் வெக்கணும்" அப்படின்னு ஒரு வரி. அதோட எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுவார்.

1988-ல ஹவில்தாரா ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தார். வயசு 40. ஐடி கம்பெனி ஆளுங்க இப்போ நாப்பது வயசுல ரிட்டயர் ஆகணும்னு கனவு காண்றாங்க. பட்டாளத்துல அது கட்டாயம். சிப்பாய், ஹவில்தார் எல்லாம் முப்பத்தஞ்சுல இருந்து நாப்பத்தஞ்சுக்குள்ள வெளிய வந்துடுவாங்க, அப்ப தான் பிள்ளைங்க ஸ்கூல் படிச்சிட்டு இருக்கும். பெரியப்பாவோட முதல் மாசப் பென்ஷன் ஐநூறு ரூபாய்க்கும் கீழ.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, அவர்கிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு. அட்டை கிழிஞ்சு, சணல் போட்டுக் கட்டின நீளமான கணக்கு நோட்டு. இடது பக்கம் பென்ஷன், வலது பக்கம் வெள்ளாமை. விதை, உரம், உழவுக் கூலி, மண்டியில வித்த பணம் எல்லாம் தேதியோட. சிஏ படிக்கும்போது நான் ஆடிட் பண்ணின பல கம்பெனிகளோட புத்தகத்தை விட இது சுத்தம்.

முதல் பக்கத்துலயே ஒரு பெரிய தப்பு இருக்கு. பென்ஷன்ல ஒரு பகுதியைக் கம்யூட் பண்ணி, அதாவது மொத்தமா முன்கூட்டியே வாங்கி, கிராஜுவிட்டி பணத்தையும் சேர்த்து போர்வெல் போட்டார். தண்ணி வரலை. அடுத்த வருஷம் இன்னொண்ணு. அதுல ஒன்றரை இஞ்ச் தண்ணி, அதுவும் மூணு கோடை தான் தாங்குச்சு. பாறை பூமியில போர் போடுறது ஒரு மாதிரி லாட்டரி தாங்க. கம்யூட் பண்ணின பகுதி 15 வருஷம் கழிச்சு தான் பென்ஷன்ல திரும்பச் சேரும். அவருக்கு 2003-ல சேர்ந்துச்சு. அந்தத் தேதிக்கு நேரா சிவப்பு மையில ஒரு கோடு போட்டிருக்கார்.

வலது பக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன். ராகி வீட்டுச் சாப்பாட்டுக்கு. காசு பாக்கிறது தக்காளியில. ஆனா தக்காளி எப்படின்னு பாலக்கோட்டுக்காரங்களைக் கேளுங்க. 2023 ஜூலைல கடையில கிலோ நூறு ரூபாயைத் தாண்டுச்சு. வேற வருஷங்கள்ல பறிக்கிற கூலி கூட வராம வரப்புல கொட்டினதையும் எழுதி வெச்சிருக்கார். கணக்குப் போட்டா ரெண்டு வருஷத்துக்கு ஒரு வருஷம் நஷ்டம். ஆனாலும் மூணு ஏக்கர்ல ஒரு சென்ட் கூட விக்கலை, கந்து வட்டிக்கு ஒரு ரூபா வாங்கலை. காரணம் இடது பக்கம். மழை பெய்யுதோ இல்லையோ, மாசம் பொறந்தா ஒரு தொகை வந்துடும். நஷ்டமான பட்டத்துக்கு அடுத்த பட்டம் விதை வாங்க அது போதும்.

அந்த இடது பக்கமும் சும்மா வளரலை. ஒரே ரேங்க், ஒரே சர்வீஸுக்கு ஒரே பென்ஷன்னு முன்னாள் வீரர்கள் பல வருஷம் போராடி, 2015 நவம்பர்ல ஆணை வந்துச்சு. 2014 ஜூலை 1-ல இருந்து கணக்கு. கடைசி காலத்துல அகவிலை நிவாரணத்தோட சேர்த்து மாசம் முப்பதாயிரத்தை ஒட்டி வந்துச்சு. வரி? விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, பென்ஷன் சம்பளத் தலைப்புல வரும், நிலையான கழிவும் உண்டு. அவருக்கு வரி கட்ட வேண்டிய நிலைமையே வரலை. பிஎம் கிசான் ஆறாயிரத்துக்கு யாரோ ஃபார்ம் குடுத்தப்போ, மாசம் பத்தாயிரத்துக்கு மேல பென்ஷன் வாங்கறவங்களுக்கு அது கிடையாதுன்னு தெரிஞ்சு அவரே வேண்டாம்னுட்டார்.

2024 மார்ச்ல பெரியப்பா தவறிட்டார். வயசு 75.

இனிமே தான் நீங்க கவனமா படிக்கணும்.

1973-ல லீவுல வந்து கல்யாணம் பண்ணிட்டுப் போனவர், பட்டாலியன் ஆபீஸ்ல பெரியம்மாவோட பேரைச் சொல்லியிருக்கார். வீட்டுல கூப்பிடுற பேரை. பிறந்த தேதியா குத்துமதிப்பா ஒண்ணு. ஆதார்ல இருக்கிறது வேற பேரு. வயசுல நாலு வருஷம் வித்தியாசம். ஐம்பது வருஷமா ரெண்டு பேப்பரும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே இல்லை. பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் போர்ட்டலுக்கு மாறினப்போ, விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. பதிவு பண்ணியிருந்த நம்பர் அண்ணனோட பழைய சிம், அது ட்ராயர்ல கிடந்துச்சு.

குடும்பப் பென்ஷன் விண்ணப்பம் நின்னு போச்சு. இறப்புச் சான்றிதழ், பெயர் வித்தியாசத்துக்கு அஃபிடவிட், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தோட சரிபார்ப்பு, அங்கிருந்து ரெஜிமெண்டோட ரெக்கார்ட்ஸ் ஆபீஸ், அங்க திருத்தம் ஆகி மறுபடி பென்ஷன் அலுவலகம்னு சுத்தி வர ஒன்பது மாசம். யாரும் லஞ்சம் கேக்கலை, யாரும் திட்டவும் இல்லை. பேப்பர் நடந்தே போச்சு, அவ்வளவு தான்.

நடுவுல ஒரு கூத்து. தகவல் சொல்லாததால ஏப்ரல் மாசப் பென்ஷன் கணக்குல ஏறிடுச்சு. அண்ணன் ஏடிஎம்ல எடுத்துக் காரியச் செலவுக்குப் போட்டுட்டார். இறந்த தேதி வரைக்கும் தான் பென்ஷன், மறுநாள்ல இருந்து குடும்பப் பென்ஷன். கூட எடுத்தது பின்னாடி நிலுவையில பிடிச்சுட்டாங்க. தயவு செஞ்சு அந்த கார்டைத் தொடாதீங்க, முதல்ல இறப்பைத் தெரிவிங்க.

பிறந்த தேதி ஏன் முக்கியம்? 80 வயசு ஆனா குடும்பப் பென்ஷன் அடிப்படைத் தொகையில 20% கூடும், 85-ல 30%, 90-ல 40%. ரெக்கார்டுல பெரியம்மாவுக்கு நாலு வயசு கம்மி. உதாரணத்துக்கு அடிப்படை 13,000-னு வைங்க. 20% 2,600. நாலு வருஷம் தள்ளிப் போனா 48 மாசம், 1,24,800 ரூபாய். அகவிலை நிவாரணம் இதுல சேர்க்கலை. ஒரு தப்பான தேதியோட விலை இது.

தொகையும் குறையும், அதையும் எதிர்பார்த்துக்கோங்க. பென்ஷன் சம்பளத்துல பாதி, சாதாரணக் குடும்பப் பென்ஷன் 30%. அதனால வீட்டுக்கு வர்றது ஏறக்குறைய அறுபது சதவீதம் ஆயிடும். வரியில இது இதர வருமானம். மூணுல ஒரு பங்கு அல்லது புது முறையில 25,000, எது குறைவோ அது கழியும். நிலையான கழிவு கிடையாது.

அந்த ஒன்பது மாசம் பெரியம்மா ரெண்டு ஆடும் ஒரு கறவை மாடும் வித்தாங்க. அண்ணன் ஓசூர்ல இருந்து பணம் அனுப்பினார், வாங்க மாட்டேன்னுட்டாங்க. "உங்க பெரியப்பா பணம் வரும், வந்ததும் பார்த்துக்கலாம்"னு ஒரே பேச்சு. தர்மபுரி அகழ்வைப்பகத்துல இருக்கிற நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அந்தக் காலத்துல சண்டையில செத்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டின்னு நிலம் விடுவாங்க, அதைக் கல்லுல வெட்டி வெப்பாங்க. கல்லுல எழுத்துப்பிழை வந்தா என்ன பண்ணியிருப்பாங்களோ!

இன்னொரு தாத்தாவையும் சொல்லணும், பக்கத்து ஊர்க்காரர். பட்டாளத்துல சில வருஷம் மட்டும் இருந்துட்டு வந்தவர், பென்ஷன் கிடையாது. 65 வயசு தாண்டின, ஹவில்தார் ரேங்க் வரைக்குமான, பென்ஷன் இல்லாத முன்னாள் வீரர்களுக்கும், அவங்க விதவைகளுக்கும் கேந்திரிய சைனிக் போர்டு மூலமா மாச உதவி இருக்கு. 4,000 ஆக இருந்தது 2025 நவம்பர் 1-ல இருந்து 8,000. மாவட்ட நல அலுவலகம் வழியா தான் விண்ணப்பம். அவருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. பெரியம்மா விஷயமா நாங்க அலைஞ்சப்போ தான் தெரிஞ்சுது, கையோட அவருக்கும் போட்டோம்.

வீட்டுல பிபிஓ நகல் இருந்தா இன்னைக்கு ராத்திரி எடுத்து ஆதாரோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. பேரு, பிறந்த தேதி, மொபைல் நம்பர். அய்யா உயிரோட இருக்கும்போது இது ஒரு கையெழுத்து வேலை.

2024 டிசம்பர்ல பணம் வந்துச்சு, நிலுவையோட. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டை எடுத்து அண்ணன் பொண்ணுகிட்ட குடுத்தாங்க. இடது பக்கம் தொகையை எழுதினா. வலது பக்கம் என்ன பாட்டின்னு கேட்டா. "தக்காளி நாத்து, எழுது"ன்னாங்க.