கூட்டிப்போனவரே கூட்டிவர வேண்டும்

1944 ஜூன் 6 அன்று, கடல் வழியாகவும் வான் வழியாகவும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டு வீரர்கள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கினார்கள். அந்த ஒரு நாளில் நடந்த சண்டைக்காகப் பிரிட்டன் தன்னுடைய உச்ச வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸை ஒரே ஒருவருக்குத்தான் வழங்கியது. அவர் ஜெனரலும் இல்லை, கர்னலும் இல்லை, லெப்டினென்ட்கூட இல்லை. கம்பெனி சார்ஜென்ட் மேஜர் ஸ்டான்லி ஹாலிஸ். போருக்கு முன்னால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்.

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், இதை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். அன்று அவர் என்ன செய்தார் என்பது ஒரு பத்தியில் அடங்கிவிடும். ஏன் அப்படிச் செய்தார் என்பது, அவருடைய வேலை என்ன என்று தெரிந்தால்தான் பிடிபடும்.

மேஜர் என்றதும் தமிழ் வாசகருக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நினைவுக்கு வருவார். 1987இல் இலங்கையில் உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்றவர். அவர் கமிஷன் பெற்ற அதிகாரி. சார்ஜென்ட் மேஜர் அந்த வரிசையைச் சேர்ந்தவர் இல்லை. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜென்ட் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். பிரிட்டிஷ் ராணுவக் கணக்கில் இரண்டாம் வகுப்பு வாரன்ட் அதிகாரி. சட்டைக் கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு கிரீடச் சின்னம் இருக்கும். சிப்பாய்கள் அவரை ‘சார்’ என்பார்கள். அதிகாரிகள் ‘சார்ஜென்ட் மேஜர்’ என்று பதவியைச் சொல்லி அழைப்பார்கள். நேற்று பயிற்சி முடித்து வந்த இருபது வயது லெப்டினென்ட்கூடச் சட்டப்படி அவருக்கு மேலே. ஆனால் விவரம் தெரிந்த எந்த லெப்டினென்ட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெரிய காரியத்தில் இறங்க மாட்டார்.

நம் தரைப்படைக்கும் இது புதிதல்ல. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து தொடர்ந்து வந்த பொறுப்பு இது. கம்பெனி ஹவில்தார் மேஜர் என்கிறோம். அங்கே வாரன்ட் அதிகாரி தரத்தில் இருப்பவர் செய்கிற வேலையை, இங்கே ஹவில்தார் தரத்தில் இருந்துகொண்டே செய்கிறார். 1948 ஜூலை 18 அன்று காஷ்மீரின் தித்வால் பகுதியில், கையெறிகுண்டும் ஸ்டென் துப்பாக்கியுமாக எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளை நோக்கி ஓடி உயிரிழந்த பீரு சிங், ராஜபுதானா ரைபிள்ஸ் ஆறாம் பட்டாலியனில் இந்தப் பொறுப்பில்தான் இருந்தார். அவருக்கும் பரம்வீர் சக்ரா கிடைத்தது.

சரி, இவருக்கு என்ன வேலை? ஒரு காலாட்படைக் கம்பெனியில் சுமார் 120 பேர். முகாமில் இருக்கும்போது வருகைப் பதிவு, அணிவகுப்பு, ஒழுங்கு, யாருக்கு எப்போது காவல் முறை என்பதெல்லாம் அவர் கையில். போர் தொடங்கியதும் வேலை மாறுகிறது. எந்தப் பக்கம் போவது, எதைத் தாக்குவது என்று முடிவெடுப்பவர் கம்பெனித் தளபதியான மேஜர். முன்வரிசைக்குத் தோட்டா போய்ச் சேர்ந்ததா, காயம்பட்டவன் பின்னால் வந்து சேர்ந்தானா, பிடிபட்ட கைதிகளை யார் பார்த்துக்கொள்வது, காலையில் இருந்தவர்களில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பவை சார்ஜென்ட் மேஜரின் கவலைகள். கல்யாண வீட்டில் சம்பந்திகளோடு உட்கார்ந்து பேசுபவர் ஒருவர். கடைசிப் பந்திவரை சோறு வருமா, யாராவது சாப்பிடாமல் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பவர் இன்னொருவர். ஹாலிஸ் இரண்டாமவர். அவர் மனத்தில் எப்போதும் ஒரு தலை எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் நடந்தவற்றைப் படிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

ஹாலிஸ் 1912 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்தின் வடகிழக்கில், இரும்பு ஆலைகள் நிறைந்த மிடில்ஸ்பரோவில் பிறந்தார். பிறகு குடும்பம் ராபின் ஹூட்ஸ் பே என்ற கடற்கரை ஊருக்குப் போய், மீன் வறுவல் கடை நடத்தியது. பையனுக்குக் கப்பலில் மாலுமி அதிகாரியாக வேண்டும் என்று ஆசை. 1929இல் விட்பியில் ஒரு கப்பல் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவரை போய்வந்தார். அங்கே கருநீர்க் காய்ச்சல் பிடித்தது. மலேரியாவின் கொடிய சிக்கல் அது. சிறுநீர் கறுத்துப் போகும். அதோடு கடல் வாழ்க்கை முடிந்தது. ஊர் திரும்பி லாரி ஓட்டினார், மணம் செய்துகொண்டார், ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள்.

1939இல் கிரீன் ஹோவர்ட்ஸ் ரெஜிமென்ட்டின் நான்காம் பட்டாலியனில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பயிற்சி பெறும் பிராந்திய ராணுவப் பிரிவு அது. நம் நாட்டிலும் அப்படி ஒன்று உண்டு. போர் மூண்டதும் ஆறாம் பட்டாலியனுக்கு மாற்றப்பட்டு, 1940இல் பிரான்ஸில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகும் வேலை பார்த்தார். ஜெர்மானியர் நெருக்கி, பிரிட்டிஷ் படை டன்கர்க் கரையிலிருந்து தப்பித்த அந்த நாட்களில், லான்ஸ் கார்ப்பரலாக இருந்தவர் சார்ஜென்ட் ஆனார். பின்வாங்கும் படையில் பதவி உயர்வு கிடைக்கிறது என்றால், குழப்பத்தின் நடுவே ஆட்களைச் சிதறாமல் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர் என்று மேலே இருப்பவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு வட ஆப்பிரிக்கா. எல் அலமைனிலிருந்து டுனிஸ்வரை எட்டாம் ராணுவத்தோடு போனார். 1943இல் சிசிலிப் படையெடுப்புக்குச் சற்று முன்னால் கம்பெனி சார்ஜென்ட் மேஜர் ஆனார். சிசிலியில் பிரிமோசோலே பாலத்துச் சண்டையில் காயம்பட்டார். நார்மண்டிக்கு வரும்போது அவருக்கு வயது 31. சண்டையை முதன்முதலில் நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஜூன் 6 காலை ஏழரை மணியளவில், கோல்ட் என்று பெயரிடப்பட்ட கரைப்பகுதியில் ஆறாம் பட்டாலியன் இறங்கியது. ஹாலிஸ் டி கம்பெனியில் இருந்தார். தரையிறங்கு படகு கரையை நெருங்கும்போது, மணல் மேட்டில் ஒரு சிறு கட்டடம் தெரிந்தது. சுடுநிலை என்று நினைத்து லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியால் அதைச் சரமாரியாகச் சுட்டார். துப்பாக்கியைத் தூக்கும்போது காய்ந்த குழல் பட்டுக் கை பொத்துப்போனது. அந்தக் கட்டடம் டிராம் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் நிற்கும் கொட்டகை. இன்றும் அது அங்கே நிற்கிறது. ரெஜிமென்ட் அதை விலைக்கு வாங்கிப் பாதுகாத்தது. ஹாலிஸ் குடில் என்றே பெயர்.

கரையிலிருந்து உள்ளே போகும் வழியில் மோன் ஃப்ளூரி பீரங்கித் தளம். தாக்கும் கம்பெனி ஓட்டமாக முன்னேறும்போது, வழியிலுள்ள எல்லாக் கான்கிரீட் சுடுகூண்டுகளையும் அடக்கிவிட்டுப் போவதில்லை. நின்றால் சாவு, அதனால் ஓடுகிறார்கள். சில கூண்டுகள் விட்டுப்போகும். உள்ளே இருப்பவன் சும்மா இருந்துவிட்டு, படை கடந்து போனதும் முதுகில் சுடுவான். டி கம்பெனி அப்படி இரண்டு கூண்டுகளைக் கடந்து போய்விட்டது. கம்பெனித் தளபதி மேஜர் லாஃப்ட்ஹவுஸும் ஹாலிஸும் அவற்றைப் பார்க்கப் போனார்கள். இருபது கஜ தூரத்தில் இருக்கும்போது, கூண்டின் துவாரத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுட ஆரம்பித்தது.

ஹாலிஸ் படுக்கவில்லை. ஸ்டென் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே நேராக அதை நோக்கி ஓடினார். ஸ்டென் என்பது மலிவாகவும் அவசரமாகவும் தயாரிக்கப்பட்ட ஆயுதம். ஒரு மேகசினில் 32 தோட்டா, கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். கூண்டின் கூரைமேல் ஏறி, அங்கேயே மேகசினை மாற்றி, வாசல் வழியாகக் கையெறிகுண்டை வீசி, உள்ளே சுட்டார். இரண்டு ஜெர்மானியர் இறந்தார்கள், மற்றவர்கள் சரணடைந்தார்கள். பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவர்களையும் அகற்றினார். கம்பெனியின் முதுகு காப்பாற்றப்பட்டது. கரையிலிருந்து வெளியேறும் முக்கிய வழியும் திறந்தது. வழி திறக்காவிட்டால், அடுத்தடுத்து இறங்குகிற டாங்கிகளும் வண்டிகளும் மணலிலேயே நெருக்கியடித்து நின்று எதிரிக்கு இலக்காகியிருக்கும்.

பெரும்பாலானோர் ஹாலிஸின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். துணிச்சலான ஓட்டம், கூரைமேல் ஏறிய மனிதன் என்று மனத்தில் நிற்கும் காட்சி அது. எனக்கு அன்று பிற்பாடு நடந்ததுதான் பெரிது.

அதே நாள், சற்று உள்ளே இருக்கிற க்ரெப்போன் கிராமம். இயந்திரத் துப்பாக்கிகளின் காவலோடு ஒரு ஜெர்மன் பீரங்கி கம்பெனியை மறித்தது. அதைத் தாக்குவதற்குத் துணையாக ஒரு சிறு குழுவை ஹாலிஸ் அழைத்துப்போனார். கையில் பியாட் என்ற டாங்கி எதிர்ப்பு ஆயுதம். சுருள்வில்லின் விசையால் குண்டிலுள்ள வெடிமருந்தைப் பற்றவைத்து அதை ஏவும் கருவி. கனம் ஏறக்குறைய 15 கிலோ. கிட்டப் போனால்தான் பயன். ஐம்பது கஜ தூரத்தில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து பீரங்கியைக் குறிவைத்தார். மறைந்திருந்து சுடுபவன் ஒருவன் பார்த்துவிட்டான். அவன் சுட்ட தோட்டா ஹாலிஸின் வலது கன்னத்தை உரசிக்கொண்டு போனது. அதே நேரம் பீரங்கியும் திரும்பி அந்த வீட்டையே சுட்டது. கல்லும் காரையும் சரிய, குழுவை வேறு இடத்துக்கு நகர்த்தினார்.

அப்புறம்தான் தெரிந்தது, இரண்டு பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள் என்று.

ராணுவக் கணக்கில் பார்த்தால் இரண்டு பேர் இழப்பு அன்றைய நாளில் பெரிய எண் இல்லை. தாக்குதலைத் தொடர்வதற்கு அந்த இருவர் தேவையும் இல்லை. ஆனால், நான்தான் அவர்களைக் கூட்டிப்போனேன், நானே கூட்டிவரப் பார்க்கிறேன் என்ற பொருளில் ஹாலிஸ் மேஜரிடம் சொன்னதாகப் பதிவு உண்டு. ஒரு பிரென் இயந்திரத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, எதிரியின் முழுப் பார்வையில், தனி ஆளாக முன்னால் போனார். சுட்டுக்கொண்டே நடந்தார். எதிரியின் தோட்டாக்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. அந்த இடைவெளியில் இரண்டு பேரும் தப்பி வந்தார்கள்.

முதல் செயலுக்கு ஆவேசமும் அனுபவமும் போதும்; யோசிக்க நேரமே இல்லாத இருபது கஜம் அது. இரண்டாவதற்கு யோசிக்க நேரம் இருந்தது. தன்னைச் சுடச்சொல்லி எதிரிமுன் போய் நிற்கிறோம் என்று முழுக்கத் தெரிந்து செய்தது. தலை எண்ணிக்கை இரண்டு குறைகிறது. அந்தக் குறை தன் பொறுப்பு என்று ஹாலிஸ் எடுத்துக்கொண்டார். சார்ஜென்ட் மேஜர் என்ற வேலையின் சாரம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அதே 1944இல், பிப்ரவரி 24 அன்று, இத்தாலியின் மிக்னானோவில் மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன், தன் ஆட்களைக் காக்க வெடிக்கப்போகும் கண்ணிவெடியின்மேல் விழுந்து உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் நிற்கிற இந்த மனிதர்களிடம் இப்படி ஒரு குணம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

விக்டோரியா கிராஸுக்கான அறிவிப்பு 1944 ஆகஸ்ட் 17 அன்று அரசிதழில் வந்தது. அந்த நற்சான்று உரையைத் தேடிப் படித்துப் பாருங்கள். எத்தனை எதிரிகளைக் கொன்றார் என்பதை ஓரிடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. முடிக்கும்போது சொல்வது, கம்பெனி இலக்கை அடைந்ததற்கும், இழப்பு இன்னும் அதிகமாகாமல் போனதற்கும் பெரிய அளவில் இவரே காரணம், தன் ஆட்கள் பலரின் உயிரைக் காப்பாற்றினார் என்பதைத்தான். எழுதியவர் அவர் வேலையைப் புரிந்து எழுதியிருக்கிறார்.

செப்டம்பரில் காலில் காயம்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அக்டோபர் 10 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் பதக்கத்தை அணிவித்தார்.

போர் முடிந்ததும் அவருக்குச் சொகுசு ஒன்றும் காத்திருக்கவில்லை. இரும்பாலையில் மணல் பீய்ச்சித் துரு நீக்கும் வேலை பார்த்தார். பிறகு வண்டி பழுதுபார்க்கும் தொழிலில் கூட்டு. 1950 முதல் 1955 வரை கப்பலில் பொறியாளர். இளமையில் காய்ச்சல் பறித்த கடலுக்கு, வேறு வழியாகத் திரும்பப் போயிருக்கிறார். கடைசியில் மிடில்ஸ்பரோவில் ஒரு மதுக்கடை நடத்தினார். கடையின் பெயர் தி கிரீன் ஹோவர்ட். 1970இல் அந்தக் கட்டடம் இடிபட, வேறோர் ஊரில் இன்னொரு கடை. 1972 பிப்ரவரி 8 அன்று, 59 வயதில் காலமானார். அவருடைய பதக்கம் யார்க்‌ஷயரின் ரிச்மண்ட் ஊரிலுள்ள ரெஜிமென்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 தருணங்களில் நம் வீர விருதுப் பட்டியலும் நாளிதழ்களில் வரும். பெயரோடு பதவியையும் படியுங்கள். ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார் என்று இருந்தால் அந்த நற்சான்று உரையைத் தேடி முழுதாக வாசியுங்கள். எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற வரியோடு நிறுத்திவிடாமல், யாரைத் திரும்பக் கூட்டிவந்தார் என்ற வரிவரை போங்கள்.