தேங்காய் ஓடும் கிரெட்டாவும்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாமா போன வாரம் கோவைக்கு வந்திருந்தார். காந்திபுரத்தில் ஒரு பேக்கரி வாசலில் நின்று ரெண்டு டீ சொன்னோம். எதிரே நின்ற வண்டிகளில் மூன்று ஹூண்டாய் கிரெட்டா. மூன்றும் வெள்ளை, முகம் மட்டும் வேறு வேறு.

"ஏனுங் மாப்ளே, இது மூணுக்கும் ஒரே பேருங்கறீங்க. மூஞ்சி ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே? அதுவும் இது காருங்களா, ஜீப்புங்களா?"

இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொன்னேன். மாமா தோப்புக்கு ஓட்டுவது பொலீரோ. அது மாட்டு வண்டி மாதிரி. கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் கூண்டு. பாரம் முழுவதையும் சட்டம் தாங்கும். கிரெட்டாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தேங்காய்க்கு ஓடுதானே பலம்? அதுபோல இதற்கு உடம்பே எலும்பு. எடை குறைவு, ஆட்டமும் குறைவு. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியும்.

"அப்போ காருதானுங்க மாமா. மழைத்தண்ணியில இறங்க வேட்டியை மடிச்சுக் கட்டுன காரு." கிராஸ்ஓவர் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்த மடிச்சுக்கட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருக்கம் அதிகம். 2012-ல் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர், 2013-ல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 2015 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிரெட்டா. இந்தியாவுக்கு இந்த ரகத்தைப் பழக்கிய மூன்றும் சென்னையின் புறநகரில் பிறந்தவை. முதல் இரண்டும் 2022-க்குள் கடையைவிட்டுப் போயின. கிரெட்டா தங்கிவிட்டது.

இனி முகத்துக்கு வருவோம். வீட்டுக்கு வெள்ளையடித்து, வாசல் கதவை மாற்றி, திண்ணையில் டைல்ஸ் போட்டால் புதுசாகத் தெரியும், வீடு பழையதுதான். அஸ்திவாரத்தோடு பேர்த்துக் கட்டினால்தான் புது வீடு. கார்க்காரர்கள் முதலாவதை ஃபேஸ்லிஃப்ட் என்பார்கள், இரண்டாவதைத் தலைமுறை என்பார்கள். பிரித்தறிய ஒரு சுலபமான குறிப்பு உண்டு: முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் உள்ள இடைவெளி. பம்பரை மாற்றினால் வண்டியின் நீளம் கூடிவிடும். இந்த இடைவெளியை மாற்ற அடித்தளத்தில் கைவைக்க வேண்டும்.

2015 கிரெட்டாவின் இடைவெளி 2590 மில்லிமீட்டர். 2018-ல் முகத்தைத் திருத்தினார்கள். இடைவெளி அப்படியே இருந்தது. 2020 மார்ச்சில் வந்தது 2610. கூடியது இரண்டு சென்டிமீட்டர்தான், ஆனால் அடித்தளமே வேறு. 2024 ஜனவரியில் முகம் அடியோடு மாறி, நீளமும் 4300-லிருந்து 4330 ஆனது. இடைவெளி அதே 2610. அடுத்த ஜனவரியில் வந்த மின்சார கிரெட்டாவுக்கும் 2610-தான்.

"அப்படீன்னா மூஞ்சி பல, தலமொற ரெண்டே ரெண்டுங்களா?"

அதேதான். பெரிய மாற்றம் பானெட்டுக்குள் நடந்தது. முதல் தலைமுறையில் 1.4, 1.6 என டீசல் எஞ்சினே இரண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தது. டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிகளுக்குச் செலவு அதிகம். இரண்டும் போய், 1.5 லிட்டர் டீசல் ஒன்று வந்தது. பக்கத்திலேயே டர்போ பெட்ரோல் வந்து உட்கார்ந்தது. 2025-ல் பேட்டரி வந்தது. பெரிய பேட்டரிக்கு ஒருமுறை சார்ஜுக்கு 473 கிலோமீட்டர் என்று அறிமுகத்தின்போது சொன்னது சோதனைக்கூடக் கணக்கு. மலை ஏறினால் குறையும், இறங்கும்போது கொஞ்சம் திரும்பி வரும்.

ஓடு பலமா என்று மாமா கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். 2022-ல் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது, இரண்டு ஏர்பேக் வைத்த கிரெட்டாவுக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம்தான் கிடைத்தது. 2024 முதல் அடிமட்ட மாடலிலும் ஆறு ஏர்பேக். என்னைக் கேட்டால், புது முகத்தைவிட இதுதான் காசு கொடுத்து வாங்க வேண்டிய மாற்றம்.

காசு என்றதும் மாமா நிமிர்ந்தார். தொடக்க ஷோரூம் விலை 2015-ல் 8.59 லட்சம், 2020-ல் 9.99, 2024-ல் 11. சாலை வரியும் காப்பீடும் தனி.

"நாலு சக்கரமும் இழுக்குமுங்களா?"

இந்தியாவில் விற்கும் கிரெட்டாவில் முன்சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். கரிசல் மண் நனைந்து குழைந்தால், கட்டிய வேட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

மாமா டீயைக் குடித்து முடித்து, மூன்று வண்டிக்கும் பக்கவாட்டில் நடந்தார். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை காலடி வைத்து அளந்தார். இரண்டு சென்டிமீட்டர் காலடிக்கு எங்கே அகப்படும்? திரும்பி வந்து சொன்னார்:

"தோப்புக்குப் பொலீரோவே இருக்கட்டுங்க. உங்க அத்தையை வால்பாறை கூட்டிட்டுப் போறதுக்கு வேணா இதைப் பாக்கலாம். ஆறு பலூன் இருக்கறதாப் பாத்துச் சொல்லுங்க."