பல்கலைக்கழக இடம் கிடைத்துவிட்டதா? கட்டணத்திற்கு இப்போதே விண்ணப்பியுங்கள்

தெலுக் பங்லிமா காராங் - யூபியூ முடிவு வெளியானதும் கேரித் தீவு, ஜெஞ்ஜாரோம், பந்திங் வட்டாரக் குடும்பங்களில் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்தே வரும். பதிவு நாளன்று கட்டவேண்டிய பணத்திற்கு என்ன செய்வது? கடைசி நேரத்தில் நகையை அடகு வைப்பதற்கும் வட்டிக்குப் பணம் வாங்குவதற்கும் முன், அரசாங்கத்திடம் என்னென்ன உதவி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொதுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் பெரும் பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மாணவர் கட்டுவது மீதியைத்தான். அந்த மீதிக்குப் பலர் நாடும் பிடிபிடிஎன் உதவித்தொகை அல்ல, கடன். ஆகவே, திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவிகளை முதலில் கேளுங்கள்.

மாநில அரசு உதவி: உயர்கல்விக்கூடத்தில் புதிதாகச் சேரும் சிலாங்கூர் பிள்ளைகளுக்கு மாநில அரசு ஒருமுறை 1,000 ரிங்கிட் அன்பளிப்பு வழங்கி வருகிறது. இதற்குக் குடும்ப வருமான வரம்பு உண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் உயர்கல்விக் கட்டணத்திற்கெனத் தனி உதவியும் இருக்கிறது. நடப்பு ஆண்டு விண்ணப்பத் தேதியை உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கேளுங்கள். மித்ராவின் கல்வி உதவி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அதன் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.

பிடிபிடிஎன்: 1997-இல் தொடங்கப்பட்ட இக்கழகத்தின் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு. விண்ணப்பம் இணையம் வழிதான். அதற்கு முன் மாணவர் பெயரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எஸ்டிஆர் உதவி பெறுபவராக இருந்தால் முழுத் தொகைக்கும் தகுதி உண்டு. இல்லாவிட்டால் வருமானத்திற்கேற்பத் தொகை குறையும். தகுதியிருந்தும் எஸ்டிஆர் பட்டியலில் பெயர் இல்லாத பெற்றோர் உடனே பதிந்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த எஸ்டிஆர் குடும்பப் பிள்ளைகள், பதிவு நாளுக்கு முன்பே 1,500 ரிங்கிட் முன்பணம் கோரலாம். இது தனி உதவி அல்ல. பின்னர் கடன் தொகையில் கழிக்கப்படும். ஆனால், பதிவு நாள் செலவுக்குக் கைகொடுப்பது இதுதான். முதல் வகுப்பில் தேர்ச்சி பெறுவோர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனிலிருந்து விலக்குக் கோரவும் வழியுண்டு.

இபிஎப்: தாய் தந்தையின் சேமநிதியிலிருந்து பிள்ளையின் கல்விக் கட்டணத்திற்குப் பணம் எடுக்கலாம். ஆனால், அது முதுமைக்கால உணவுக்கான பணம். மற்ற வழிகளைப் பார்த்த பிறகு இதைத் தொடுங்கள்.

தனியார் கல்லூரியில் சேர்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். "கடன் கட்டாயம் கிடைக்கும்" என்று முகவர் சொல்வதை மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள். குறிப்பிட்ட அந்தப் பாடத்திட்டம் எம்கியூஏ அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, அதற்குப் பிடிபிடிஎன் கடன் உண்டா என்று நீங்களே பாருங்கள். கல்லூரிக்கு நல்ல பெயர் இருந்தாலும் எல்லாப் பாடத்திற்கும் கடன் கிடைக்கும் என்பதில்லை.

மாணவர், பெற்றோர் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சேர்க்கைக் கடிதம், தேர்வுச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத பெற்றோர், தோட்ட அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ வருமானக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

அடையாள அட்டையில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் தாமதமாகலாம். இன்றே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.