திருப்பதிக்கு ரயிலா, வாடகைக் காரா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, வீட்டில் பாட்டி, இரண்டு வாண்டுகள். லீவுக்குக் குடும்பத்தோடு திருப்பதி கிளம்புறீங்களா? பணக் கணக்கை அப்புறம் பாருங்கள். முதலில் உடம்புக் கணக்கு!

திருவள்ளூர்க்காரர்களுக்கு ரயிலே வசதி. அரக்கோணம், ரேணிகுண்டா வழியாக நேரே போகலாம். மூட்டுவலிக்காரர் எழுந்து நடக்கலாம். சர்க்கரை நோயாளிக்குக் கழிப்பறைக் கவலையில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து என்றால் பெரும்பாலும் கூடூர் போய் வண்டி மாறணும். பாட்டியால் படியேற முடியாதா? நாயுடுபேட்டை, காளஹஸ்தி வழியாகக் கார்தான் நல்லது.

காரில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கிளம்பும்போது வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். இரண்டு மணிக்கொரு தரம் எல்லோரும் இறங்கிக் காலாற நடங்கள்.

முக்கியமாக, விடிகாலை தரிசனத்துக்காக நள்ளிரவில் காரெடுக்க வேண்டாம். பின்னிரவில் டிரைவருக்குக் கண் சொக்கும். "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்!